கூத்துப் பாட்டை இசைத்தட்டாக்க: லாக்கரா, செம்பா, நேரடி வெட்டா?

தெருக்கூத்துப் பாடல்களை வினைல் இசைத்தட்டாக வெளியிட வேண்டும் என்ற பேச்சு, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கூத்து பார்த்து வளர்ந்த என் நண்பர்களிடம் இப்போது அடிக்கடி எழுகிறது. எந்த ஆலையில் அழுத்துவது, எவ்வளவு செலவாகும் என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் தட்டின் ஒலியைப் பெருமளவு தீர்மானிப்பது அதற்கு முந்தைய வேலை, அதாவது ஒலியை முதன்முதலாக ஒரு தட்டின்மேல் வரியாக வெட்டும் வேலை. அந்த மூல வெட்டை லாக்கர் என்னும் மென்மையான பூச்சுத் தட்டில் செய்யலாம், செம்பில் செய்யலாம், அச்சே இல்லாமல் ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியாக வெட்டிக்கொள்ளலாம், துணிச்சல் இருந்தால் வெட்டும் இயந்திரமான லேத்தையே வாங்கி ஓசூரில் நிறுவலாம். இவற்றை ஒப்பிட்டு எழுதப்படுபவை பெரும்பாலும் ராக், ஜாஸ் போன்ற இசையை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. முகவீணை என்ற சிறு குழல்கருவியும் ‘தாளம்’ எனப்படும் கைத்தாளமும் விடிய விடிய ஒலிக்கும் கூத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இந்த இரண்டு கருவிகள்தான் இங்கே தேர்வைத் திசை திருப்புகின்றன என்பது என் கருத்து.

காரணம் வெட்டும் முறையிலேயே இருக்கிறது. தாழ்ந்த ஒலிகள் வரியை அகலமாக ஆட்டி இடத்தைத் தின்றுவிடும் என்பதால், வெட்டும்போது அவற்றைக் குறைக்கிறார்கள். உயர்ந்த ஒலிகள் தட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும் என்பதால் அவற்றைக் கூட்டுகிறார்கள். திரும்ப இசைக்கும் பக்கம் இதற்கு நேரெதிராகச் சரிசெய்துகொள்கிறது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. வகுத்து 1954 முதல் நிலைபெற்ற அளவின்படி, 1,000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால், 50 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 17 டெசிபெல் குறைகிறது, 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 13.7 டெசிபெல் கூடுகிறது. பின்னதை ஆற்றலாகப் பார்த்தால் 23 மடங்கு. ஆக, மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பி எவ்வளவு முழங்கினாலும், வெட்டும் ஊசியை ஆட்டும் கட்டர் ஹெட்டுக்கு அது தாங்கக்கூடிய சுமையே. ஓயாமல் தட்டப்படும் தாளத்தின் ஓசைதான் அதன் மெல்லிய கம்பிச்சுருளைச் சூடேற்றி எரிக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. நியூமன் நிறுவனத்தின் எஸ்.எக்ஸ். 74 போன்ற கட்டர் ஹெட்டுகளில் சுருளைக் குளிர்விக்க ஹீலியம் வாயுவைச் செலுத்தும் ஏற்பாடு இருப்பது இதனால்தான். மேடையில் தாளத்தைக் குறைக்கச் சொன்னால் எந்தக் கூத்து வாத்தியாரும் ஒப்புக்கொள்ளமாட்டார். அப்படிச் சொல்வதும் சரியல்ல.

இரண்டாவது சிக்கல் வேகத்தைப் பற்றியது. 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும்போது, வெளி வரியில் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் வரி ஓடுகிறது. உள்ளே லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் பொறிக்கப்பட்டால், உள்ளே அதே அலை 21 மைக்ரானில் அடங்க வேண்டும். சாதாரண பிளேயர்களில் வரும் உருண்டை ஊசியின் முனை ஆரம் 18 மைக்ரான் அளவில் இருப்பதால், அவ்வளவு நெருக்கமான வளைவுக்குள் அது இறங்க முடியாமல் மேலோட்டமாகத் தாண்டிப்போகிறது. முகவீணை உச்சத்தில் நிற்கும் கடைசிப் பாட்டு தட்டில் கரகரப்பதற்குப் பெரும்பாலும் ஆலை காரணமல்ல, இந்தக் கணக்குதான் காரணம்.

இப்போது லாக்கருக்கு வருவோம். அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிய, கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தட்டு அது. 12 அங்குல எல்.பி.க்கு 14 அங்குலத் தட்டில் வெட்டுவார்கள். கைபடாத ஓரம் வேண்டும் என்பதற்காக அந்தக் கூடுதல் இரண்டு அங்குலம். வெட்டும் ஊசி நீலக்கல்லில் செய்யப்பட்டது, அதன் தண்டில் மெல்லிய கம்பி சுற்றி மின்சாரத்தால் சூடேற்றியிருப்பார்கள். சூடான முனை லாக்கரை இழுத்துக் கிழிக்காமல் வழவழப்பாகச் சீவிச் செல்லும். சீவப்பட்ட பொருள் தலைமுடியைவிட மெல்லிய ஒரே நூலாக எழும்பி, ஊசிக்குப் பின்னாலுள்ள உறிஞ்சு குழாய்க்குள் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்கும். அந்த நூல் ஒரு கணம் குழாயைத் தவறவிட்டு ஊசியில் சுற்றிக்கொண்டால் அந்தப் பக்கம் முழுவதும் வீண், புதுத் தட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால், சேர்ந்த சீவலை வெட்டும் அறையில் குவித்துவைப்பதும் இல்லை. வெட்டுபவர் இடையிடையே மைக்ராஸ்கோப்பில் குனிந்து, இரு வரிகளுக்கு நடுவே வெட்டப்படாத மேட்டு நிலம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

வெட்டிய லாக்கரைக் கழுவி, வெள்ளி படியவைத்து, நிக்கல் கரைசலில் மின்முலாம் ஏற்றி உரித்தெடுத்தால் கிடைப்பது ‘ஃபாதர்’. அதிலிருந்து ‘மதர்’, மதரிலிருந்து வினைலை அழுத்தும் ‘ஸ்டாம்பர்’. ஒரு ஸ்டாம்பர் ஏறத்தாழ ஆயிரம் தட்டுவரை தாங்கும் என்பது பொதுக் கணக்கு. குறைந்த எண்ணிக்கை போதும் என்றால் ஃபாதரையே ஸ்டாம்பராக்கி இரண்டு படிகளை மிச்சப்படுத்துகிறார்கள். அதிலுள்ள ஆபத்தையும் தெரிந்துகொண்டே ஒப்புக்கொள்ள வேண்டும்: உரித்தெடுக்கும்போது லாக்கர் கெட்டுவிடும் என்பதால், அந்த ஒரே ஸ்டாம்பர் பழுதானால் மறுபடி காசு கொடுத்து வெட்டவேண்டியதுதான்.

லாக்கரின் குணமே அதன் மென்மை. அந்த மென்மைதான் பலர் விரும்பும் இதமான ஒலியைத் தருகிறது. அதுவே அதன் குறையும்கூட. வெட்டி முடித்த வரிகள் மெதுவாகத் தளர்ந்துகொடுப்பதால் உயர் ஒலிகளின் கூர்மை நாளாக ஆகக் குறையும், வெப்பம் அதை விரைவுபடுத்தும். எனவே வெட்டிய ஓரிரு நாட்களுக்குள் முலாம் ஏற்றிவிட வேண்டும் என்று வற்புறுத்துவார்கள். அமைதியான இடத்தையடுத்துத் திடீரென உரத்த ஒலி வந்தால், அதன் நிழல் பக்கத்து வரியின் சுவரில் பதிந்து, ஒரு சுற்றுக்கு முன்பே மெல்லக் கேட்டுவிடும். கட்டியக்காரன் பேச்சை நிறுத்திய மறுநொடி மிருதங்கமும் தாளமும் ஒன்றாக இறங்கும் கூத்தில் இந்த முன்னெதிரொலி அடிக்கடி தலைகாட்டக்கூடும். அளிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரி 6 அன்று கலிஃபோர்னியாவின் பேனிங் நகரில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபோது, பெருமளவில் லாக்கர் செய்துதர ஜப்பானின் எம்.டி.சி. மட்டுமே எஞ்சியது. அதன்பின் ஸ்டுடியோக்கள் தட்டுகளை எண்ணிச் செலவழிக்கின்றன, மறுவெட்டுக்கு முகம் சுளிக்கின்றன.

செம்பில் வெட்டும் டி.எம்.எம். (டைரக்ட் மெட்டல் மாஸ்டரிங்) முறையை டெல்டெக் நிறுவனமும் நியூமனும் சேர்ந்து 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தன. இங்கே எஃகுத் தகட்டின்மேல் படியவைத்த செம்பை வைர ஊசி வெட்டுகிறது. செம்பு தளர்ந்துகொடுக்காது, ஆகவே பக்கத்து வரிக்கு ஒலி கசிவதும் இல்லை. வரிகளை நெருக்கி வெட்டலாம் என்பதால் ஒரு பக்கத்தில் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. வெள்ளி பூசும் வேலையும் இல்லை, ஃபாதர், மதர் என்ற இரண்டு தலைமுறைகளும் இல்லை. செம்புத் தட்டிலிருந்தே ஸ்டாம்பரை எடுத்துவிடலாம், ஒன்று தேய்ந்தால் அதே செம்பிலிருந்து இன்னொன்றும் எடுக்கலாம். செக் நாட்டின் ஜி.இசட். மீடியா, ஜெர்மனியின் பல்லாஸ் போன்ற பெரிய ஆலைகள் வெட்டுதல், முலாம், அழுத்துதல் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் செய்வதால், தருமபுரியில் உட்கார்ந்து கோப்பை அனுப்புகிறவருக்கு அலைச்சல் குறைவு.

காகிதத்தில் இப்படிப் பார்த்தால் செம்பே வெல்கிறது. இருந்தும் கூத்துக்கு அதை முதல் தேர்வாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டி.எம்.எம். தட்டுகளின் மேல்நிலை ஒலி பளிச்சென்று, சில வேளை கூசும்படி இருக்கிறது என்பது அந்த முறையைப் பற்றித் தொடக்கம் முதலே இருந்துவரும் குறை. புல்லாங்குழலையோ பியானோவையோ அந்தப் பளிச் அழகாக்கலாம். முகவீணை ஏற்கெனவே காதைத் துளைக்கும் கருவி. திறந்தவெளியில், நள்ளிரவில், நூறு அடி தள்ளி உட்கார்ந்திருப்பவரை எழுப்புவதற்கென்றே அமைந்தது. அதை நான்கு சுவருக்குள் கேட்கும்போது ஒரு சிறு மழுக்கம் உதவியாகத்தான் இருக்கும். ஆழமாக வெட்ட முடியாது என்பது செம்பின் இன்னொரு வரம்பு. இடமும் வலமும் எதிரெதிராக ஆடும் தாழ்ந்த ஒலிகளை அது பொறுக்காது. ஆனால் கூத்தில் மிருதங்கம் நடுவிலேயே நிற்கும் என்பதால் இந்தக் குறை நம்மைப் பெரிதாகப் பாதிக்காது. முழு இரவுக் கூத்திலிருந்து நீண்ட பகுதிகளைச் சுருக்காமல் வெளியிட வேண்டும், ஒரு பக்கத்துக்கு 22 நிமிடத்தைத் தாண்டியாக வேண்டும் என்று யாராவது உறுதியாக நின்றால் மட்டும், தயங்காமல் செம்புக்குப் போகச் சொல்வேன்.

மூன்றாவது வழியில் ஸ்டாம்பரே கிடையாது. வெற்று பி.வி.சி. தட்டை வைத்து, ஒலியை ஓடவிட்டு, ஒவ்வொரு பிரதியையும் தனியாக வெட்டுகிறார்கள். ஜெர்மனியில் உருவான வினைல்ரெக்கார்டர் டி-560 இந்த வேலைக்குப் பெயர்பெற்றது, டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 டர்ன்டேபிளின்மேல் பொருத்திக்கொள்ளும் சாதனம் அது, வைர ஊசியால் வரியைச் சீவியெடுக்கும். பழைய பிரெஸ்டோ லேத்துகளை வைத்து வரியைச் சீவாமல் அழுத்திப் பள்ளமாக்கித் தருபவர்களும் உண்டு. அந்த வகையில் இரைச்சல் கூடுதலாகவும் உயர் ஒலி மங்கலாகவும் இருக்கும் என்பதால், ஆர்டர் கொடுக்குமுன் சீவுகிறாரா அழுத்துகிறாரா என்று கேட்டுவிடுவது நல்லது. ஐந்து அங்குலத் தட்டில் வெட்டும் விளையாட்டுச் சாதனங்களும் விற்கின்றன. அவை பிறந்தநாள் பரிசுக்கு ஏற்றவை, நம் பேச்சுக்குள் வரவேண்டியதில்லை.

நேரடி வெட்டில் நேரத்தை ஏமாற்ற முடியாது. பக்கத்துக்கு 15 நிமிடம் என்றால் ஒரு தட்டுக்கு அரை மணி. 30 தட்டுக்கு 15 மணி நேரம். 300 தட்டுக்கு 150 மணி நேரம் ஒருவர் லேத்தின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எண்ணிக்கை கூடினாலும் ஒரு தட்டின் விலை இறங்காமல் அப்படியே நிற்பது அதனால்தான். அழுத்தும் ஆலைகளோ நூறு முதல் முந்நூறு தட்டுக்குக் கீழே ஆர்டர் எடுக்கத் தயங்கும். ஒலியைப் பொறுத்தவரை, இந்தச் சிறிய கட்டர் ஹெட்டுகளுக்கு நியூமனின் வலிமை இல்லாததால், தாளத்தை முழு வீச்சில் தாங்காது. மொத்த ஒலியளவைக் குறைத்து வெட்டினால் இரைச்சல் மேலே வரும், உயர் ஒலியை மழுக்கினால் தாளம் தகரம்போல் கேட்கும். உடுக்கையும் தனிக்குரலுமாக ஒரு பதிவு இருந்தால் இந்த வழி மிக நன்றாகவே பொருந்தும். குழுவினருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் கொடுக்க 20, 30 பிரதிகள் போதும் என்றாலும் இதுவே புத்திசாலித்தனம்.

ஓசூரில் நாமே லேத் நிறுவலாமே என்ற யோசனை கேட்பதற்கு இனிமையானது, அதற்கு அடித்தளமும் இல்லாமலில்லை. சிப்காட்டைச் சுற்றியுள்ள டூல் ரூம்களில் மைக்ரான் கணக்கில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். தேய்ந்த திருகுத் தண்டைப் புதிதாக வெட்டித் தருவதும், டயல் கேஜ் வைத்துத் தட்டுத் தாங்கியின் ஆட்டத்தை அளந்து சரிசெய்வதும் அவர்களுக்கு அன்றாட வேலை. லேத்தை அசையாமல் தாங்கக் கனத்த கற்பலகை வேண்டும், அதற்குக் கிருஷ்ணகிரியைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் குளுமையும் தருமபுரியின் கோடையைவிட லாக்கருக்குச் சாதகம். எதிர்ப்பக்கத்தில், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவும் பகலும் ஓடும் கனரக லாரிகளின் அதிர்வு தரைவழியாக வந்து வரியில் ‘கும்’மென்று பதிந்துவிடும், சாலையைவிட்டு நன்றாக உள்ளே தள்ளி இடம் பார்க்க வேண்டும். நடுவெட்டில் மின்சாரம் ஒரு நொடி கண்சிமிட்டினாலும் தட்டு போயிற்று.

பழைய அமெரிக்க லேத்தை இணையத்தில் மலிவாகப் பார்த்து ஆசைப்படுபவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அவற்றின் மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக அமைந்தது. இங்கே டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 230 வோல்டை 115 ஆக இறக்கிவிடலாம். ஆனால் 50 ஹெர்ட்ஸ் 50 ஹெர்ட்ஸாகவே இருக்கும், 33⅓ சுற்று சுற்றவேண்டிய தட்டு 27.8 சுற்றுதான் சுற்றும். அதிர்வெண்ணை மாற்றித் தரும் கருவியும் சேர்த்து வாங்கினால்தான் கணக்கு நேராகும். குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடும் டெக்னிக்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெர்லினில் உருவான நியூமன் வி.எம்.எஸ். 70, வி.எம்.எஸ். 80 லேத்துகள்தான் இந்தத் துறையின் உச்சம் என்றாலும், அவை புதிதாகச் செய்யப்படுவதில்லை. உலகில் சுற்றிவருபவை எல்லாம் பழையவை, உதிரி பாகங்களும் இன்னொரு பழைய லேத்திலிருந்துதான் வரவேண்டும். திருகுத் தண்டை ஓசூரில் செய்துவிடலாம், கட்டர் ஹெட்டை அங்கே செய்ய முடியாது. எல்லாம் கூடிவந்து லாக்கரை இங்கேயே வெட்டினாலும், முலாம் ஏற்றுவதற்கு அதைப் பெங்களூரு விமான நிலையம் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, சரக்குக் கிடங்கின் வெப்பத்தில் கழியும் நாட்கள் செய்த வேலையைத் தின்றுவிடும். ஒரு தட்டை வெளியிட விரும்புபவர் இதில் இறங்கக் கூடாது. வெட்டுவதையே பத்தாண்டுத் தொழிலாகக் கற்க விரும்புபவர், டெக்னிக்ஸும் பி.வி.சி. தட்டுமாகத் தொடங்கலாம்.

வெளியூர் ஆலையை நம்புவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 78 சுற்றுத் தட்டுகளின் காலத்தில் தமிழ்ப் பாட்டும் நாடக வசனமும் கல்கத்தாவின் டம் டம் ஆலையில் அழுந்தி இங்கே விற்பனைக்கு வந்தன. மும்பையில் அண்மை ஆண்டுகளில் மீண்டும் அழுத்தும் ஆலை வந்திருப்பதால், ஸ்டாம்பரை ஐரோப்பாவில் செய்து தட்டை இங்கே அழுத்தும் வாய்ப்பையும் விசாரிக்கலாம். உடைகிற பெட்டிகளும் கப்பல் செலவும் அதனால் குறையும்.

இருநூறு, முந்நூறு பிரதி என்பதே இலக்கென்றால் என் பரிந்துரை லாக்கர்தான், அதுவும் 12 அங்குலத்தில் 45 சுற்றாக. அங்குலத்துக்கு 200 வரி வீதம் 12 நிமிடம் வெட்டினால், பக்கம் முடியும் இடத்தில்கூட வரியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் இருக்கும்; அதே நெருக்கத்தில் 33⅓ சுற்றில் 15 நிமிடம் வெட்டினால் அது ஏறத்தாழ 29 ஆகிவிடும். மூன்று நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் முகவீணைக்குக் கிடைக்கும் மூச்சு அவ்வளவு. முலாம் ஏற்றும் கூடத்தைத் தன்னிடமே வைத்திருக்கும், அல்லது ஒரே ஊரில் வைத்திருக்கும் வெட்டுநரைத் தேர்ந்தெடுத்தால் லாக்கரின் முதுமைச் சிக்கலும் தீர்ந்துவிடும். குறைந்த பிரதிதானே என்று ஃபாதரையே ஸ்டாம்பராக்கும் முறைக்கு ஒப்புக்கொள்ளலாம். இரண்டாம் பதிப்பு வரும் என்று நம்புகிறவர்கள் மதருக்குக் காசு கொடுத்துவிட வேண்டும்.

பாட்டுகளின் வரிசையையும் கூத்தின் வரிசைப்படி அடுக்காமல் தட்டின் வரிசைப்படி அடுக்க வேண்டும். முகவீணையும் தாளமும் முழங்கும் வேடம் புறப்படும் பாட்டு வெளி வரியில் வரட்டும். தாளமில்லாமல் இழுத்துப் பாடும் விருத்தமோ வசனமோ உள் வரியில் அமரட்டும். உச்சத்தில் முடிக்க வேண்டும் என்ற மேடை வழக்கம் தட்டுக்கு எதிரி. அனுப்பும் கோப்பு 24 பிட்டில், உச்ச ஒலிகளை அமுக்கும் லிமிட்டர் போட்டு நசுக்காததாக இருக்க வேண்டும். பதிவின்போதே தாளத்துக்குத் தனி மைக் வைத்து, அதைத் தனித் தடத்தில் காப்பாற்றிவைத்தால், “உயர் ஒலி தாங்கவில்லை” என்று வெட்டுநர் எழுதும்போது முகவீணையையும் குரலையும் தொடாமல் தாளத்தை மட்டும் இரண்டு டெசிபெல் இறக்கி மறுநாளே கோப்பை அனுப்பிவிடலாம். சோதனைப் பிரதி வந்ததும் முதலில் கேட்கவேண்டியது ஒவ்வொரு பக்கத்தின் கடைசி இரண்டு நிமிடத்தைத்தான், அதையும் விலையுயர்ந்த ஊசியில் கேட்காமல், வாங்கப்போகிறவர்களின் வீட்டில் இருக்கும் சாதாரண உருண்டை ஊசியில் கேட்க வேண்டும்.